இணைய முகவரிகள் யாருடைய சொத்து?

மொரீஷியஸ் தீவின் எபென் நகரில் இயங்கும் ‘ஆப்ரினிக்’ என்ற அமைப்பின் பெயரை நம் தோழர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் அதையொட்டிய இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கும் இணைய முகவரிகளைப் பகிர்ந்தளித்துப் பதிவு செய்து வைக்கும் அமைப்பு அது. 2022ஆம் ஆண்டிலிருந்து இந்த அமைப்பு முறையான இயக்குநர் குழு இல்லாமல், தலைமை அதிகாரியும் இல்லாமல் தடுமாறியது. 2023 செப்டம்பரில் மொரீஷியஸ் உச்ச நீதிமன்றம் அதன் நிர்வாகத்தை ஒரு ரிசீவரிடம் ஒப்படைத்தது. 2025 ஜூனில் நடந்த இயக்குநர் தேர்தல், பிறர் பெயரில் வாக்களிக்கும் அதிகாரப் பத்திரங்கள் பற்றிய புகாரால் பாதியில் நிறுத்தப்பட்டு ரத்து செய்யப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மறுதேர்தல் நடந்த பிறகே அங்கே ஒரு நிர்வாகக் குழு அமைந்தது.

இதை அயல்நாட்டு அலுவலகம் ஒன்றின் உட்பூசல் என்று ஒதுக்கிவிட முடியாது. பொதுச் சொத்தைக் காக்க வேண்டிய ஓர் அமைப்பு யாருக்குக் கட்டுப்பட்டது, யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வி ஆசியாவிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. சென்னைக் கரையிலிருந்து வங்கக் கடலின் அடியில் செல்லும் கேபிளின் மறுமுனையில், அந்தமானின் ஷாதிபூரில் கைபேசியைத் திறக்கும் உழைப்பாளிக்கும் அந்தக் கேள்வியில் பங்கு உண்டு.

நீர்க்கட்டியும் பதிவகமும்

இணையத்தோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி தேவை. அந்த எண் இல்லாமல் ஒரு செய்தி எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அறிய வழியில்லை. ஒரே எண் இரண்டு பேருக்குப் போய்விட்டால் குழப்பம்தான் மிஞ்சும். எனவே எந்த எண்வரிசை யாரிடம் இருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு பதிவேடு உலகுக்குத் தேவைப்படுகிறது. அந்தப் பதிவேட்டை ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பராமரிக்கின்றன. வட அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் ஒன்று, லத்தீன் அமெரிக்காவுக்கு ஒன்று, ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஒன்று. ஐந்தாவதாக 2005இல் அங்கீகாரம் பெற்றது ஆப்பிரிக்காவுக்கான ஆப்ரினிக்.

நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்ற பணியாளர் இருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்து நீர் பாய்ச்சுவதும் அவர் வேலை. ஏரி அவருடைய சொத்து அல்ல. தண்ணீரை அவர் விற்கவும் முடியாது. ஊர்க் கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பதிவகத்தின் வேலையும் இதுதான். முகவரிகளைத் தேவை அறிந்து பங்கிட்டுக் கொடுப்பது, கொடுத்ததை எழுதி வைப்பது, முறைகேடு நடந்தால் தடுப்பது. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், ஏரியில் நீர் வற்றி, வெளியே லாரித் தண்ணீருக்கு விலை ஏறும்போது தொடங்குகிறது.

நான்காம் பதிப்பு என்று அழைக்கப்படும் பழைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு. இணையம் அமெரிக்க ராணுவத்தின், பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் திட்டமாக இருந்த காலத்தில் இவை கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுக்கப்பட்டன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரே ஒரு கல்வி நிறுவனத்திடம் மட்டும் 1.67 கோடி முகவரிகள் இருந்தன. 2017இல் அவற்றில் ஏறத்தாழ பாதியை விற்க அது முடிவு செய்தது. 140 கோடி மக்கள் வாழும் இந்தியாவின் மொத்தக் கையிருப்பு சுமார் 4 கோடிதான். அமெரிக்காவிடம் இருப்பதோ 150 கோடிக்கும் மேல். முந்திக்கொண்டவனுக்கு முழுக் குளமும், பிந்தி வந்தவனுக்குக் குடத்து நீரும் என்ற இந்த ஏற்பாட்டை இயற்கை உண்டாக்கவில்லை. காலனிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் இணையத்துக்கு வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது.

2011 பிப்ரவரி 3 அன்று உலகளாவிய மையக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் ஐந்து பதிவகங்களுக்கும் பிரித்துத் தரப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஆசிய பசிபிக் பதிவகத்தின் தாராளக் கையிருப்பு தீர்ந்தது. அந்த ஆண்டில்தான், திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வாங்கியது. விலையின்றிக் கொடுக்கப்பட்ட எண்களுக்குச் சந்தை விலை பிறந்தது. 2019இல் அமெச்சூர் வானொலி ஆர்வலர்களின் பயனுக்காக ஒதுக்கப்பட்டிருந்த தொகுதியிலிருந்து ஏறத்தாழ 40 லட்சம் முகவரிகளை அமேசான் 10 கோடி டாலருக்கும் அதிகமான விலைக்கு வாங்கிக்கொண்டது. 2024 பிப்ரவரி முதல் தன் கணினிச் சேவையைப் பயன்படுத்துவோரிடம் ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கணக்கில் அதே நிறுவனம் கட்டணம் வசூலிக்கிறது. ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் நிலவாடகை பற்றி மார்க்ஸ் ஆராய்ந்திருப்பதைப் படித்த தோழர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. எதையும் உற்பத்தி செய்யாமல், அரிதான ஒன்றைக் கைவசம் வைத்திருப்பதாலேயே பிறர் உழைப்பின் பயனில் பங்கு கேட்கும் பழைய வாடகைதான் இது. நிலம் இருந்த இடத்தில் எண் வந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவில் நடந்தது என்ன?

மற்ற வட்டாரங்களில் கையிருப்பு தீர்ந்த பிறகும் ஆப்பிரிக்காவில் முகவரிகள் மிச்சமிருந்தன. சந்தையில் விலை ஏற ஏற, எல்லோருடைய கண்ணும் அந்த மிச்சத்தின் மீது திரும்பியது.

முதல் அடி உள்ளிருந்தே விழுந்தது. பதிவேட்டைக் காக்க வேண்டியவர்களின் கையாலேயே பதிவேடு திருத்தப்பட்டது 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ஒருவரும் அமெரிக்காவைச் சேர்ந்த தனி ஆய்வாளர் ஒருவரும் நடத்திய விசாரணை அதை வெளிக்கொணர்ந்தது. பின்னர் ஆப்ரினிக் தானே நடத்திய தணிக்கையில், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் முறைகேடாகக் கைமாறியதாகவோ பதிவில் திருத்தப்பட்டதாகவோ கண்டறியப்பட்டது. கிடப்பில் கிடந்த பழைய நிறுவனங்களின் பெயரில் இருந்த எண்கள், புறம்போக்கு நிலத்துக்குப் போலிப் பட்டா எழுதுவதுபோல மாற்றி எழுதப்பட்டன. வேலியே பயிரை மேய்ந்தது. பொறுப்பில் இருந்த மூத்த ஊழியர் வெளியேறினார். ஆனால் பல ஆண்டுகளாக இது எவர் கண்ணிலும் படாமல் நடந்தது எப்படி என்ற கேள்வி அப்படியே நின்றது.

இரண்டாவது அடி நீதிமன்றத்தின் வழியே வந்தது. ‘கிளவுட் இன்னோவேஷன்’ என்ற நிறுவனம் செஷல்ஸ் தீவில் பதிவு செய்யப்பட்டது. அதன் உரிமையாளரின் தொழில் ஹாங்காங்கை மையமாகக் கொண்டது. 2013க்கும் 2016க்கும் இடையில் இந்த நிறுவனம் ஆப்ரினிக்கிடமிருந்து ஏறத்தாழ 62 லட்சம் முகவரிகளைப் பெற்றது. ஒரு முகவரிக்கு 20 டாலர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் அவற்றின் சந்தை மதிப்பு 12 கோடி டாலரைத் தாண்டும். இந்த முகவரிகள் பெருமளவில் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாடகைக்கு விடப்படுகின்றன, வாங்கும்போது சொன்ன தேவைக்கு அவை பயன்படவில்லை என்று கூறி, அவற்றைத் திரும்பப் பெற ஆப்ரினிக் 2021இல் நடவடிக்கை எடுத்தது. விதிகளை மீறவில்லை என்றும், முகவரிகளை வட்டாரத்துக்கு வெளியே பயன்படுத்த விதிகளில் தடையில்லை என்றும், பதிவகம் தன் அதிகார எல்லையைத் தாண்டுகிறது என்றும் அந்த நிறுவனம் வாதிட்டது. வழக்கு தொடுத்தது. 2021 ஜூலையில் ஆப்ரினிக்கின் வங்கிக் கணக்குகளை 5 கோடி டாலர் வரை முடக்கும் இடைக்கால உத்தரவையும் பெற்றது. ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே வழி தேடும் நிலைக்கு ஒரு கண்டத்தின் பதிவகம் தள்ளப்பட்டது. கணக்குகள் பின்னர் விடுவிக்கப்பட்டாலும் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. இயக்குநர் தேர்தல்களும் அவற்றில் சிக்கின. குழுவில் கோரம் இல்லாமல் போனது. 2025 ஜூலையில் ஆப்ரினிக்கையே கலைத்துவிட வேண்டும் என்று அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் மனு கொடுத்தது.

செஷல்ஸில் பதிவு, ஹாங்காங்கில் தொழில், மொரீஷியஸில் வழக்கு, பிற கண்டங்களில் வாடகை. நிதிமூலதனம் எந்த எல்லையையும் மதிக்காமல் எல்லா எல்லைகளையும் பயன்படுத்திக்கொள்ளும் முறைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டு தவறான விளக்கங்கள்

இந்த நெருக்கடிக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஆப்பிரிக்கர்களுக்கு அமைப்புகளை நடத்தத் தெரியாது, ஊழல் அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்பது முதலாவது. காலனியக் கண்ணாடி வழியே பார்க்கும் இந்த இனவாத விளக்கத்தை நாம் அடியோடு நிராகரிக்கிறோம். ஊழலை அம்பலப்படுத்தியதில் ஆப்பிரிக்கப் பத்திரிகையாளருக்கும் பங்கு உண்டு. தம் பதிவகத்தை மீட்க ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் ஆப்பிரிக்கப் பொறியாளர்களே. வாங்குபவர்கள் இல்லாமல் திருட்டுச் சரக்குக்குச் சந்தை ஏது? அந்த எண்களை விலை கொடுத்துப் பயன்படுத்தியோர் எந்தக் கண்டத்தவர் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பதிவகம் ஊழல் மலிந்தது, ஆகவே முகவரிகளை முழுமையாகச் சந்தையிடம் விட்டுவிடுங்கள் என்பது இரண்டாவது விளக்கம். நீர்க்கட்டி ஒருவர் தவறு செய்தார் என்பதற்காக ஏரியை ஏலம் விட வேண்டும் என்று சொல்வது போன்றது இது. பொதுத்துறை நிறுவனங்களைத் திட்டமிட்டு நலிவடையச் செய்துவிட்டு, நலிந்தது என்பதையே காரணமாகக் காட்டி விற்கும் தந்திரத்தை இந்திய உழைக்கும் மக்கள் நன்றாக அறிவார்கள்.

உண்மைக் காரணம் இந்த அமைப்புகளின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. ஒரு கண்டத்தின் பொது வளத்தைக் காக்கும் ஆப்ரினிக், மொரீஷியஸ் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு தனியார் நிறுவனம். அதன் உறுப்பினர்கள் முகவரி பெறும் இணையச் சேவை நிறுவனங்களும் அவை போன்ற அமைப்புகளும். முகவரியைப் பெறுவோரே முகவரி பற்றிய விதிகளை வகுக்கிறார்கள்; அவர்களே நிர்வாகிகளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். இணையத்தைப் பயன்படுத்தும் கோடிக்கணக்கான மக்களுக்கு அங்கே இருக்கை இல்லை. முகவரிக்கு விலை இல்லாத காலத்தில் பொறியாளர்களின் நல்லெண்ணத்தின் மீது இந்த ஏற்பாடு ஓடியது. கோடிக்கணக்கான டாலர் உள்ளே நுழைந்ததும் நல்லெண்ணம் தாக்குப்பிடிக்கவில்லை.

நம் வட்டாரத்தின் நிலை

ஆப்பிரிக்காவைப் பார்த்துத் தலையசைப்பதோடு நாம் நின்றுவிட முடியாது. இந்தியா அடங்கிய ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பதிவகமான ‘ஏப்னிக்’ 1993இல் டோக்கியோவில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, 1998இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு இடம் மாறியது. 56 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் அதன் எல்லைக்குள் வருகின்றன. உலக மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த எல்லைக்குள் வாழ்கிறார்கள். பல ஆண்டுகளாக இந்தப் பதிவகத்தின் நிறுவனப் பங்கு ஒன்றே ஒன்றுதான். அது நிர்வாகக் குழுவின் சார்பில் தலைமை இயக்குநர் பெயரில் இருந்தது. அந்த ஏற்பாடு அண்மை ஆண்டுகளில்தான் மாற்றப்பட்டது.

அதன் நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்குரிமை எப்படி என்று பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். மிகச் சிறிய உறுப்பினருக்கு 1 வாக்கு. அடுத்தடுத்த படிகளில் 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், மிகப் பெரிய உறுப்பினருக்கு 64 வாக்குகள். எவ்வளவு முகவரி வைத்திருக்கிறாரோ அந்த அளவுக்குக் கட்டணம். கட்டணப் படிக்கு ஏற்ப வாக்கு. சொத்து வைத்திருப்பவனுக்கே வாக்கு என்றிருந்த வெள்ளையர் காலத்துச் சட்டமன்றத் தேர்தல் முறையை நினைவூட்டும் ஏற்பாடு இது. வயது வந்த அனைவருக்கும் சம வாக்கு என்பதைப் போராடிப் பெற்ற நாடு நம்முடையது. அந்த நாட்டின் இணைய வளத்தை ஆள்வோர் சொத்தின் அளவைப் பார்த்து வாக்கு எண்ணும் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

2023 மார்ச்சில் முடிந்த ஏப்னிக் நிர்வாகக் குழுத் தேர்தலின்போது, பதிவகத்தின் பெயரைத் தவறாகப் பயன்படுத்தி உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்து வாக்குக் கேட்டதாகப் புகார்கள் எழுந்தன. பதிவகமே உறுப்பினர்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வேட்பாளர் தகுதி பற்றிய விதிகள் இறுக்கப்பட்டன. மொரீஷியஸில் பற்றிய தீயின் பொறி இங்கும் விழாமல் இல்லை.

இந்தியாவில் இந்தப் பணியைச் செய்வது ‘ஐரின்’ எனப்படும் தேசியப் பதிவகம். 2003இல் தொடங்கப்பட்ட ‘நிக்சி’ என்ற லாப நோக்கற்ற நிறுவனத்தின் கீழ் 2012 முதல் அது இயங்குகிறது. ஒன்றிய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஆதரவில் இயங்கும் நிறுவனம் நிக்சி. ‘.இன்’ என்ற இந்தியாவின் இணையப் பெயரையும் அதுவே நிர்வகிக்கிறது. பெயர் இந்தியாவுடையது, அதன் தொழில்நுட்பப் பொறுப்போ நீண்ட காலமாக அயல்நாட்டுத் தனியார் நிறுவனங்களின் கையில் ஒப்பந்தம் வழியே இருந்து வருகிறது. 2019இல் அந்தப் பொறுப்பை ஏற்றது நியூஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனம். மறு ஆண்டே அதன் பதிவுத் தொழிலை கோடாடி என்ற மற்றோர் அமெரிக்க நிறுவனம் விலைக்கு வாங்கியது. வீட்டு உரிமையாளர் இருக்க, வாடகைதாரரே கைமாறிக்கொள்ளும் இந்த வினோதம் ‘தற்சார்பு இந்தியா’ முழக்கம் ஓங்கி ஒலித்த ஆண்டிலேயே நடந்தது.

ஷாதிபூருக்கு இதில் என்ன?

அந்தமான் நிகோபார் தீவுகளுக்குக் கடலடி கேபிள் வரும்வரை செயற்கைக்கோள் ஒன்றே வழியாக இருந்தது. மெதுவான, விலை உயர்ந்த, அடிக்கடி அறுபடும் இணைப்பு அது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் ஆகிய இடங்களுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் போடப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். செலவு ரூ.1,224 கோடி. இந்தப் பணம் எந்தத் தனியார் முதலாளியின் பையிலிருந்தும் வரவில்லை. அனைவருக்கும் தொலைத்தொடர்பு என்ற நோக்கத்துக்காகத் திரட்டப்பட்ட பொது நிதியிலிருந்து வந்தது. பணியைச் செய்து முடித்தது பொதுத்துறை பி.எஸ்.என்.எல். லாபம் இல்லாத இடத்துக்குத் தனியார் மூலதனம் கடல் தாண்டி வராது என்பதை இந்தக் கேபிள் நிரூபித்தது. ஆனால் கேபிள் வந்ததும் அதன் வழியே வேகமான 4ஜி சேவையை விற்க முன்வந்தவை தனியார் நிறுவனங்கள். அதே 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றிவிட்டு, 4ஜி கருவிகளுக்கான டெண்டரும் ரத்தாகி, பி.எஸ்.என்.எல். கை கட்டி நின்றது.

கேபிள் வந்துவிட்டது, முகவரி? ஆசிய பசிபிக் பதிவகத்தின் இன்றைய விதிப்படி புதிதாக வரும் ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 512 பழைய முகவரிகளே கிடைக்கும். ஷாதிபூரிலோ ஜங்லிகாட்டிலோ டெலானிபூரிலோ உள்ளூர் இளைஞர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஓர் இணையச் சேவையைத் தொடங்க நினைத்தால், அந்த 512ஐ வைத்து ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். மேற்கொண்டு வேண்டுமானால் சந்தையில் டாலர் கொடுத்து வாங்க வேண்டும் அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். கோடிக்கணக்கில் வைத்திருக்கும் பெரு நிறுவனங்களோடு அவர்கள் எப்படிப் போட்டியிடுவார்கள்? ஏகபோகம் உருவாக ஆயிரம் வழிகள் உண்டு; அவற்றில் ஓசையில்லாத வழி இது.

முகவரி போதாத இடத்தில் ஒரே எண்ணை நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்துகொள்ளும்படி நிறுவனங்கள் ஏற்பாடு செய்கின்றன. ஒருவர் செய்த தவறுக்காக ஓர் இணையதளம் அந்த எண்ணைத் தடுத்தால், அதன் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் தடுக்கப்படுகிறார்கள். காவல்துறை ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தால், சம்பந்தமே இல்லாதவர் மீது சந்தேகம் விழும் ஆபத்தும் உண்டு. தேர்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவிக்கும், ஓய்வூதியத்துக்காக உயிர்ச் சான்று அனுப்பும் முதியவருக்கும், பிரதான நிலத்து மருத்துவமனையோடு பேச வேண்டிய நோயாளிக்கும் இணையம் இன்று ஆடம்பரம் அன்று. கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்திருக்க வேண்டிய தீவுகளில் அது உயிர்நாடி.

கணக்குக் கேட்கும் உரிமை என்றால் என்ன என்பதை அந்தமான் மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அங்கே சட்டமன்றம் இல்லை. மக்களவைக்கு ஒரே ஓர் உறுப்பினர். தில்லி நியமிக்கும் துணைநிலை ஆளுநரின் கையில் ஆட்சி. தலைநகரின் பெயரே 2024 செப்டம்பரில் ஒன்றிய உள்துறையின் அறிவிப்பால் மாறியது. கிரேட் நிகோபாரின் 130 சதுர கிலோமீட்டர் காட்டைப் பெருந்திட்டத்துக்குத் திருப்பிவிடக் கொடுத்த இசைவை, உண்மைகள் மறைக்கப்பட்டதாகக் கூறி அங்குள்ள பழங்குடி மன்றம் 2022இல் திரும்பப் பெற்றது. ஆயினும் திட்டம் நிறுத்தப்படவில்லை. காட்டின் பதிவேடானாலும் இணையத்தின் பதிவேடானாலும் ஒரே நோய்தான்: முடிவெடுப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர்.

அரசிடம் கொடுத்துவிட்டால் போதுமா?

தனியார் பதிவகம் பழுதானால் அதை அரசிடம் ஒப்படைத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, விடை எளிதானது அன்று. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரின் தொடர்பை ஒட்டுமொத்தமாகத் துண்டித்து, 2021 பிப்ரவரி வரை 4ஜி சேவையைத் தராமல் வைத்திருந்த அரசு இது. 2023இல் மணிப்பூரில் மாதக்கணக்கில் இணையத்தை முடக்கிய அரசுகளும் இதே கட்சியின் அரசுகளே. முகவரிப் பதிவேடு முழுவதையும் கேள்வி கேட்பாரில்லாமல் இவர்கள் கையில் கொடுப்பது, நரியை விரட்டி ஓநாயைக் காவல் வைப்பதாகும். அரசுடைமை வேறு, மக்கள் கட்டுப்பாடு வேறு. சட்டமும் தணிக்கையும் மக்கள் மன்றத்தின் கண்காணிப்பும் இல்லாத அரசுடைமை அதிகாரிகளின் உடைமையாகவே முடியும்.

அயல்நாட்டு மேடைகளிலும் இந்த அரசின் தடம் தெளிவானது. 2011 அக்டோபரில் இணையக் கொள்கைக்காக 50 நாடுகள் கொண்ட ஐ.நா. குழு ஒன்றை இந்தியா முன்மொழிந்தது. குறைகள் இருந்தாலும், வளரும் நாடுகளுக்கும் இடம் வேண்டும் என்ற குரல் அதில் இருந்தது. 2015இல் மோடி அரசு அந்த நிலையைக் கைவிட்டு, பெரு நிறுவனங்களையும் அரசுகளையும் மக்கள் அமைப்புகளையும் ஒரே தட்டில் வைக்கும் ‘பல பங்குதாரர்’ முறையை வழிமொழிந்தது. கூகுளும் ஒரு பங்குதாரர், கூலித் தொழிலாளியும் ஒரு பங்குதாரர் என்று சொல்வது கேட்க இனிமையானது. மாநாட்டுக்கு விமானம் ஏறிப் போகக் கூடியவர் யார், வழக்கறிஞர்களை அமர்த்தக் கூடியவர் யார் என்று பார்த்தால் அந்தச் சமத்துவத்தின் சாயம் வெளுத்துவிடும்.

போராடினால் பலன் உண்டு. ‘.ஆர்க்’ என்ற இணையப் பெயர்களை நிர்வகிக்கும் லாப நோக்கற்ற பதிவகத்தை, எதோஸ் கேப்பிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கும் முடிவு 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்களும் உரிமை இயக்கங்களும் உலகெங்கும் எதிர்த்தன. கலிபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞரும் தலையிட்டார். 2020 ஏப்ரல் 30 அன்று, இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ‘ஐகேன்’ அமைப்பு அந்த விற்பனைக்கு ஒப்புதல் தர மறுத்தது. பொதுமக்களின் கண் பட்ட இடத்தில் மூலதனம் பின்வாங்க நேர்ந்தது.

நம் கோரிக்கைகள்

புதிய ஆறாம் பதிப்பு முகவரி முறையில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்தியப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே தட்டுப்பாட்டை நிரந்தர விதியாகக் காட்டி வாடகை வசூலிப்போரின் வாதம் வலுவற்றது. எனினும் புதிய எண்களையும் அதே பதிவகங்கள்தாம் பதிவு செய்கின்றன. எண் பெருகினால் மட்டும் பொறுப்புடைமை பெருகிவிடாது. எனவே நாம் வலியுறுத்துவன:

முதலாவதாக, இணைய முகவரிகள் பொது வளம், எவருடைய தனிச் சொத்தும் அல்ல என்று நாடாளுமன்றம் சட்டத்தில் எழுத வேண்டும். இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு முகவரிக் கைமாற்றமும், விலை உட்பட, பொதுப் பதிவேட்டில் வெளியிடப்பட வேண்டும்.

இரண்டாவதாக, நிக்சி, ஐரின் ஆகியவற்றின் வரவு செலவும் ஒப்பந்தங்களும் இந்தியக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்கும் நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆண்டு விசாரணைக்கும் உட்பட வேண்டும். அவற்றின் நிர்வாகக் குழுவில் மாநிலங்களுக்கும், ஊழியர்களுக்கும், பல்கலைக்கழகங்களுக்கும், பயனர் அமைப்புகளுக்கும் இடம் வேண்டும்.

மூன்றாவதாக, ஆசிய பசிபிக் பதிவகத்தில் சொத்துக்கேற்ற வாக்கு முறையை ஒழித்து, ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பதை நிலைநாட்ட இந்தியா குரல் கொடுக்க வேண்டும். பதிவகங்களை அங்கீகரிப்பதற்கான விதி 2001இல் வகுக்கப்பட்டது. தவறும் பதிவகத்தை என்ன செய்வது என்று அதில் சொல்லப்படவில்லை. ஆப்பிரிக்க நெருக்கடிக்குப் பிறகு அதற்கு மாற்றான ஆவணம் ஒன்று உருவாக்கப்பட்டு வருகிறது. அதில் இந்தியாவின் நிலைப்பாடு என்ன என்பதை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஊழியர் சம்பளத்தையும் பதிவேட்டின் தொடர்ச்சியையும் எந்த வழக்கும் முடக்க முடியாதபடி பாதுகாப்பு அந்த ஆவணத்தில் இடம்பெற வேண்டும்.

நான்காவதாக, பொதுப் பணத்தில் போடப்பட்ட அந்தமான் கேபிளின் பயன் பொதுமக்களுக்கே முதலில் சேர வேண்டும். பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்குத் தேவையான ஆட்களையும் கருவிகளையும் கொடுத்து, ஒவ்வொரு தீவின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஊராட்சிக்கும் அதன் வழியே இணைப்புத் தர வேண்டும். உள்ளூர்க் கூட்டுறவுகளுக்கு முகவரி ஒதுக்கீட்டில் முன்னுரிமை வேண்டும். தீவுகளின் நிர்வாகம் அங்கு வாழும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குக் கட்டுப்பட வேண்டும்.

இவை பொறியாளர்களுக்கு மட்டுமே விளங்கும் நுட்பச் செய்திகள் என்று நம் தோழர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது. ஒரு காலத்தில் பட்டாவும் அடங்கலும் கர்ணம் மட்டுமே படிக்கத் தெரிந்த ஏடுகளாக இருந்தன. அந்த ஏட்டை விரித்துக் காட்டு என்று உழவர்கள் கேட்கத் துணிந்தபோதுதான் பல ஊர்களில் நிலம் யாரிடம் இருக்கிறது என்பது வெளியே தெரிந்தது. இன்றைய ஏடு கணினியில் இருக்கிறது. அதைக் காப்பவர் பிரிஸ்பேனிலும் எபெனிலும் தில்லியிலும் இருக்கிறார்கள். தொலைத்தொடர்புத் தொழிற்சங்கங்களும், மாணவர், வாலிபர் அமைப்புகளும், அறிவியல் இயக்கங்களும் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்து, கிளைக் கூட்டங்களிலும் தெருமுனைகளிலும் எளிய தமிழில் மக்களிடம் பேச வேண்டும். ஏட்டை விரிக்கச் சொல்லும் குரல் ஷாதிபூரிலிருந்தும் எழ வேண்டும்.